விசை ஊரும் எயார் ரைபிள்: மலைநாட்டுக் குளிரில் அதைச் சரிசெய்வது எப்படி

இரண்டு கட்ட விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பாகம், ஒழுங்காக இருந்தால் விரலுக்கு வேலை எளிது. முதல் கட்டம் இலேசாகப் பின்னால் வரும், ஓரிடத்தில் முட்டி நிற்கும், அங்கிருந்து கொஞ்சம் அழுத்தம் கூட்டியதும் அசைவே தெரியாமல் விடுபடும். முட்டிய பிறகும் விசை நகர்ந்து, தயங்கி, மறுபடி நகர்ந்து, எந்த நொடியில் விடுபடும் என்று தெரியாமல் இழுபட்டால் அதுதான் ஊர்வு. 10 மீற்றர் எயார் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பொட்டு. விசை ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்துக்குள் குறி அதைத் தாண்டிப் போய்விடும். அதற்குப் பயந்து பிள்ளைகள் விரலைச் சொடுக்கப் பழகுகிறார்கள். விசையைத் திருத்துவதை விட அந்தப் பழக்கத்தைத் திருத்துவது கடினம்.

ஊர்வு என்றதும் பலர் அரத்தைத் தேடுகிறார்கள், அல்லது புது விசைக்கு விலை விசாரிக்கிறார்கள். இரண்டும் கடைசியில் வரவேண்டியவை. நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் முதலில் சந்தேகப்பட வேண்டியவை குளிரில் இறுகிய கிறீஸ், மழைக்கு ஊதிய மரம், யாரோ முன்பு தவறாகத் திருகிவிட்ட ஸ்க்ரூ. இந்த மூன்றையும் ஒழுங்காகப் பார்த்து முடித்தால் உலோகத்தில் கைவைக்கும் தேவை அநேகமாக வராது.

இங்கே சொல்வது ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கும் பாடசாலை, கழகங்களில் இருக்கும் காற்று உருளை ரைபிளுக்கும் மட்டும். காட்டுப்பன்றிக்காக அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் தோட்டாத் துவக்கின் விசையை வீட்டு மேசையில் பிரிக்க வேண்டாம். அது அனுமதி பெற்ற துவக்குத் திருத்துனரின் வேலை. பாடசாலை ரைபிள் என்றால் பொறுப்பாசிரியரும் பயிற்றுநரும் அறியாமல் ஒரு ஸ்க்ரூவையும் தொடாதீர்கள்.

தொடங்குமுன்

குழலில் பெலட் (எயார் ரைபிளின் சிறு குண்டு) இல்லை என்பதைக் கண்ணாலும் பார்த்து, துப்புரவுக் கம்பியை விட்டும் உறுதிசெய்யுங்கள். காற்று உருளை ரைபிள் என்றால் உருளையைக் கழற்றி, உள்ளே மிஞ்சிய காற்றையும் வெளியேற்றுங்கள். ஸ்பிரிங் ரைபிளை ஒருபோதும் ஏற்றிய நிலையில், அதாவது ஸ்பிரிங் அழுத்தி நிற்கும் நிலையில், மரத்திலிருந்து கழற்றாதீர்கள். மடிக்கும் குழல் உள்ள ரைபிளில் குழல் திறந்திருக்கும்போது சியர், அதாவது பிஸ்டனையோ சுத்தியலையோ பிடித்து நிற்கும் கொக்கி, நழுவினால் குழல் ஓங்கி மூடும். விரல் முறிவது அப்படித்தான்.

இன்னொரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். வைஹ்ராவ் ரைபிள்களில் வரும் ரெக்கோர்ட் விசைப் பெட்டி இரண்டு பின்களில் நிற்கிறது. ரைபிள் ஏற்றப்படாமல் இருந்தால் பிரதான ஸ்பிரிங்கைத் தொடாமலே அதை வெளியே எடுக்கலாம். டயானா 34 போன்றவற்றில் அப்படி இல்லை. அங்கே விசைப் பெட்டியின் குறுக்குப் பின்களே அழுத்தத்தில் இருக்கும் பிரதான ஸ்பிரிங்கையும் தடுத்து நிற்கின்றன. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் அந்தப் பின்னைத் தட்டினால் பின்மூடி முகத்தை நோக்கிப் பாயும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் பின்னைத் தொடாமல் வெளிப்புறச் சுத்தத்தோடும் ஸ்க்ரூவோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு

"கொஞ்சம் பரவாயில்லை" என்பது அளவு அல்ல. மாற்றம் செய்யுமுன் விசை எடையை, அதாவது விசை விடுபடத் தேவைப்படும் இழுவையை, எழுதி வைக்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் 10 நியூற்றன் வில்தராசு இதற்கு அருமையாகப் பொருந்தும். 1 நியூற்றன் ஏறத்தாழ 102 கிராம். கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசைக் கொண்டு வராதீர்கள், அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் உங்கள் விசையின் முழு எடையும் காணாமல் போகும். தராசின் கொக்கியை விரல் படும் அதே இடத்தில் மாட்டி, குழலுக்குச் சமாந்தரமாக, மெதுவாக இழுங்கள். முட்டும் இடத்தில் ஓர் அளவு, விடுபடும் இடத்தில் ஓர் அளவு. ஐந்து தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். ஐந்து அளவுகளும் ஒன்றுக்கொன்று 10 வீதத்துக்கு மேல் விலகினால் கோளாறு ஸ்க்ரூவில் இல்லை. அழுக்கு, துரு அல்லது தேய்ந்த குறுக்குப் பின்.

ஐம்பது, நூறு கிராமில் விடுபடும் போட்டி ரைபிளுக்கு வில்தராசு போதாது. பெலட் இல்லாமல் சுடும் வெற்றுச் சுடுகைக்கு வசதி உள்ள ரைபிளாக இருந்தால் அதை நிமிர்த்திப் பிடித்து, சிறு பிளாஸ்டிக் போத்தலை நூலில் கட்டி விசையில் தொங்கவிட்டு, ஊசிக்குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு மில்லிலீற்றர் ஒரு கிராம். விடுபட்டதும் போத்தலோடு சேர்த்து சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்தால் கணக்கு முடிந்தது.

ஸ்பிரிங் ரைபிளை இப்படிச் சோதிக்கக் கூடாது. பெலட் இல்லாமல் சுட்டால் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை உருவாகாது. பிஸ்டன் நேரே உலோகத்தில் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் கெடும். ஸ்பிரிங் ரைபிளில் ஒவ்வொரு அளவையும் பெலட் போட்டு, குழல்வாயைப் பெலட் பொறிக்குள் (சுட்ட பெலட்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டி) வைத்தே எடுக்க வேண்டும்.

எப்போது ஊர்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு ஊர்ந்து, வெயில் ஏறிய பிறகு சரியாகிவிட்டால் கிறீஸ். மழைக் காலத்தில் மட்டும் ஊர்ந்தால் மரம். எப்போதும் ஒரே நீளத்துக்கு ஊர்ந்தால் ஸ்க்ரூ. ஒரு தடவை ஊர்ந்து அடுத்த தடவை சுத்தமாக விடுபட்டால் அழுக்கு அல்லது குறுக்குப் பின்.

மரம்

மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஊவாப் பக்கம் ஆண்டிறுதியிலும் தை மாதத்திலும் ஈரம். பீச், வால்நட் மரக் கட்டைகள் இந்த ஈரத்தைக் குடித்து ஊதும். விசைக்காக வெட்டிய துளை ஒடுங்கி, விசையின் பக்கவாட்டை உரசும். அந்த உரசல் விரலுக்கு அப்படியே ஊர்வு போலத் தெரியும்.

சோதிப்பது எளிது. சாதாரண எழுதுதாளின் ஒரு கீலத்தை விசைக்கு இரண்டு பக்கமும் செலுத்துங்கள். தடையில்லாமல் மேலும் கீழும் ஓட வேண்டும். விசையை முழுக்கப் பின்னால் இழுத்த நிலையிலும் பாருங்கள், ஏனெனில் சில கட்டைகளில் துளையின் பின்சுவர்தான் உரசும். உரசும் இடத்தில் மரம் மினுங்கும். அந்த இடத்தை மட்டும் 240 இலக்க எமரித் தாளைத் தட்டையான குச்சியில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். பச்சை மரம் வெளியே தெரிந்தால் மெல்லிய வார்னிஷ் பூசி மூடவேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கு முன்பை விட அதிகமாக ஊதும்.

கட்டை ஸ்க்ரூக்களையும் இப்போதே இறுக்குங்கள். விசையைச் சுற்றி நிற்கும் காப்பு வளையத்தின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் விசைப் பெட்டி கட்டைக்குள் அசையும், முட்டும் இடம் தடவைக்குத் தடவை மாறும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் மரம் நசுங்கிப் பெட்டி வளையும். குட்டை அலன் கீயை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு போதும்.

கிறீஸ்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆண்டின் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. தை, மாசி இரவுகளில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, பள்ளங்களில் உறைபனியும் விழும். கொழும்பில் இளகியிருக்கும் கிறீஸ் இங்கே மெழுகாகிறது. தேங்காயெண்ணெய் விட்ட விசைகளையும் காணலாம். 24 பாகைக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும் என்பது தலைக்கு வைக்கும் போத்தலை அடுப்படியில் சூடு காட்டும் எல்லோருக்கும் தெரியும். அதே எண்ணெய் சியருக்கும் அதைத்தான் செய்கிறது. நுண்துளிக் குப்பியில் வரும் துரு இளக்கி எண்ணெய்களும் இதற்கு உதவாது. அவை காய்ந்து கோந்துப் படலமாகும். ஸ்பிரிங் ரைபிளில் பீச்சினால் காற்றறைக்குள் இறங்கி, சுடும்போது எரிந்து புகையும்.

பெட்டியைக் கழற்றாமல் செய்யும் சுத்தம் இது. கட்டையை அகற்றி, ரைபிளைப் பெட்டி கீழ்ப்பக்கமாக இருக்கும்படி பிடியுங்கள். அப்போதுதான் கரைப்பான் காற்றறைப் பக்கம் ஓடாது. லைட்டர் பெற்றோல் அல்லது மினரல் டர்ப்பன்டைனில் நனைத்த மெல்லிய தூரிகையால் மூட்டுகளைக் கழுவி, பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு வராமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் கையில் இருந்தாலும் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். அசெற்றோன் பிளாஸ்டிக் பாகங்களைக் கரைக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்போ ஹீற்றரோ அதே அறையில் எரியக் கூடாது. பிறகு குறைந்தது ஒரு மணித்தியாலம் காயவிடுங்கள்.

உயவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். பின்கள் ஒவ்வொன்றுக்கும் ஊசி முனையில் தொட்ட ஒரு துளி தையல் மெசின் ஒயில். சியர் மற்றப் பாகத்தோடு சேரும் முகத்தில் மட்டும் மொலிப்டினம் டைசல்பைட் கலந்த பசையைப் பற்குச்சி நுனியால் தடவி, மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். உலோகத்தில் சாம்பல் நிறம் ஏறினால் போதும், பசை கண்ணுக்குத் தெரியத் தேவையில்லை. கட்டையை மாட்டி மறுபடி ஐந்து அளவுகள் எடுங்கள். குளிர் காலை ஒன்றிலும் எடுங்கள். எடை குறைந்து ஊர்வும் போய்விட்டால் இதற்கு மேல் எதையும் தொடாதீர்கள்.

ஸ்க்ரூ

முதலில் பலர் ஏமாறும் ஓர் இடம். காப்பு வளையத்துக்குள், விசைக்குப் பின்னால் பளிச்சென்று தெரியும் ரெக்கோர்ட் ஸ்க்ரூ எடையை மாற்றுவது. ஊர்வை அது குறைக்காது. எடை குறைந்ததும் ஊர்வு கொஞ்சம் மறைந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். அதை மிகவும் தளர்த்திவிட்டால் விசை பழைய இடத்துக்குத் திரும்பாது, ரைபிள் ஏற்றவும் மறுக்கும்.

ஊர்வின் நீளத்தை நிர்ணயிப்பது சியரின் இரண்டு முகங்களும் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன என்பது. இரண்டு கட்ட விசையில் முதல் கட்டத்தின் வேலை இந்த ஏற்றத்தின் பெரும்பகுதியை விரல் அழுத்தத்துக்கு முன்பே கழித்துவிடுவது. முதல் கட்டம் முன்கூட்டியே முட்டிவிட்டால் மிச்ச ஏற்றம் முழுவதும் இரண்டாம் கட்டத்தில் இழுபடுகிறது. ஆகவே சரிசெய்ய வேண்டியது எடையை அல்ல, முட்டும் இடத்தை.

ஸ்க்ரூக்களின் இடமும் திருப்பும் திசையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கைந்நூலைப் பாருங்கள், அது தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் மாதிரி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். எந்த ஸ்க்ரூவையும் திருப்புமுன் அதன் தலையிலிருந்து பெட்டி வரை மார்க்கர் பேனையால் ஒரு கோடு இழுங்கள். எத்தனை சுற்றுத் திருப்பினோம் என்பதைத் தாளில் எழுதுங்கள். வழி தவறினால் திரும்பி வர அந்தக் கோடு ஒன்றுதான் துணை.

விடுபட்ட பிறகு விசை மேலும் பின்னால் போவதைத் தடுக்கும் பின்னோட்டத் தடை ஸ்க்ரூ இருந்தால் அதை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். அது நெருக்கமாக இருந்தால் சியர் முழுக்க விலக இடமில்லாமல் உரசும், நீங்கள் வேறு ஸ்க்ரூவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பிறகு முட்டும் இடத்தை மாற்றும் ஸ்க்ரூ: ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று. திருப்பி, ஏற்றி, மூன்று தடவை சுட்டுப் பாருங்கள். ஊர்வு நீண்டால் திசை தவறு. குறைந்தால் இன்னும் எட்டில் ஒன்று. முட்டும் இடம் முற்றிலும் மறைந்து, ஒரே இழுவையில் விடுபடத் தொடங்கினால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். சியர் மயிரிழையில் நிற்கிறது, ரைபிள் ஆபத்தானது. உடனே கால் சுற்றுத் திரும்பி வாருங்கள். மெல்லிய ஊர்வு ஒன்று மிஞ்சி நிற்பதே சரியான இடம். ஊர்வு அடியோடு தெரியாத இடத்தைத் தேடுகிறவர்கள்தான் தானாக வெடிக்கும் ரைபிளில் போய் முடிகிறார்கள்.

அதன் பிறகே எடை. சர்வதேச விதியில் 10 மீற்றர் எயார் ரைபிளுக்குக் குறைந்தபட்ச விசை எடை கிடையாது. எயார் பிஸ்டலுக்கு மட்டும் 500 கிராம். எல்லை இல்லை என்பதற்காகப் புதுப் பிள்ளைக்கு 60 கிராம் வைத்துக் கொடுக்காதீர்கள். விறைத்த விரலுக்கு அது தெரியவே தெரியாது. 150 முதல் 200 கிராமில் தொடங்கி, ஒரு பருவம் போனபின் குறைக்கலாம். உதைக்கும் ஸ்பிரிங் ரைபிளுக்கு 500 முதல் 700 கிராம் நல்ல அளவு. கடைசியாகப் பின்னோட்டத் தடையை, சியர் விலகிய பின் விசை கண்ணுக்குத் தெரியும் அளவு மட்டும் நகரும்படி உள்ளே கொண்டு வாருங்கள்.

அரம் ஏன் வேண்டாம்

சியர் முகங்களில் கடினப்படுத்திய பகுதி மெல்லிய தோல் மட்டும். அரமோ சுழலும் மெருகுக் கருவியோ அந்தத் தோலைக் கிழித்தால் உள்ளே மென்மையான உருக்கு. இன்று பட்டுப்போல் விடுபடும். சில நூறு சுடுகைக்குள் குழி விழுந்து, முன்பை விட மோசமாக ஊரும் அல்லது நழுவும். கோணமும் மாறும். சியர் முகம் பிடியை இறுக்கும் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு பாகை மறுபக்கம் சாய்ந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தமே அதை வெளியே தள்ளும். கையில் பிடித்துத் தேய்க்கும் எவராலும் அந்தக் கோணத்தைக் காக்க முடியாது. வீட்டில் மெருகேற்றலாம் என்றால் பின்களின் உடலையும் பெட்டித் தகட்டின் உட்பக்கத்தையும் 1,000 இலக்க ஈரத் தாளால் தடவலாம். சியரில் மேலோட்டமான துருவை ஒயில் தொட்ட துணியால் மட்டும் துடையுங்கள். குழி விழுந்திருந்தால் பாகத்தையே மாற்றுங்கள்.

மாற்றுவதென்றால்

மாற்றத் தகுந்த காரணங்கள் மூன்று: குழி விழுந்த சியர், பக்கவாட்டில் ஆடும் அளவு தேய்ந்த குறுக்குப் பின் துளை, ஸ்க்ரூவே இல்லாத மலிவு விசை. பிளாஸ்டிக் விசை வரும் பழைய காமோ ரைபிள்களுக்கு ஜீஆர்ரி-3 என்ற உலோக விசை நாக்கு பெயர்பெற்றது. அதிலுள்ள ஸ்க்ரூவால் முட்டும் இடத்தை அமைக்கலாம். வைஹ்ராவ் ரெக்கோர்டுக்கு இங்கிலாந்தின் ரோவன் என்ஜினியரிங் விசை நாக்குகள் செய்கிறது, ஆனால் அது விரல் படும் வடிவத்தைத்தான் மாற்றும். ரெக்கோர்ட் உட்புறம் ஏற்கெனவே நல்லது, சுத்தம் செய்தாலே போதும். வெளிநாட்டிலிருந்து எதை வரவழைப்பதென்றாலும் பணம் கட்டுமுன் அனுமதி விடயத்தைக் கேட்டு முடியுங்கள். துவக்குப் பாகம் என்று எழுதிய பொதி சுங்கத்தைத் தாண்டி இலேசில் வராது.

கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், முக்கியமாகச் சிறு ஸ்பிரிங்குகளின் கால்கள் எந்தப் பக்கம் எதில் சாய்ந்திருக்கின்றன என்பதை. பின்னை அதே விட்டமுள்ள பித்தளைக் குச்சியால் தள்ளுங்கள். அந்தக் குச்சியைப் பெட்டியின் அகலத்துக்கு வெட்டி வைத்திருந்தால் பின் வெளியேறும்போதே அது உள்ளே புகுந்து மற்றப் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். பிறை வடிவக் கிளிப்புகள் பாயும். உள்ளே தெரியும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றினால் அறை முழுக்கத் தவழ வேண்டியதில்லை. ரெக்கோர்ட் பெட்டி இறங்கும்போது பாதுகாப்புப் பொத்தானும் அதன் சிறு ஸ்பிரிங்கும் கூடவே விழும்.

சோதனை

எந்த மாற்றத்துக்குப் பிறகும் இவை கட்டாயம். குழல் மூடி, பெலட் போட்டு, குழல்வாய் பெலட் பொறிக்குள் இருக்க வேண்டும். எதிரே யாரும் இருக்கக் கூடாது, கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். பாதுகாப்பைப் பூட்டி விசையை 2 கிலோ அளவு இழுத்து விடுங்கள், பிறகு விசையைத் தொடாமல் பாதுகாப்பைத் திறவுங்கள்: சுடக் கூடாது. விசையை முட்டும் வரை கொண்டுபோய், இரண்டாம் கட்டத்துக்குள் சற்று நுழைந்து, விட்டுவிடுங்கள்: விசை முழுக்க முன்னால் திரும்ப வேண்டும், அடுத்த இழுவையில் முதல் கட்டம் முழு நீளத்துக்கு இருக்க வேண்டும். கடைசியாக, விசையைத் தொடாமல் கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் பத்துத் தடவை தட்டுங்கள். ஒரு தடவை சுட்டாலும் சியரின் ஏற்றம் போதாது. கால் சுற்றுத் திரும்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள்.

எல்லாம் தேறினால் ஸ்க்ரூத் தலைகளில் நகப்பூச்சு ஒரு துளி. அது வெடித்திருக்கிறதா என்று 200 சுடுகைக்கு ஒரு தடவை பாருங்கள்.

போட்டிக்காகக் கொழும்புக்கு இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 15 பாகையில் இருந்த ரைபிளை அங்கே சென்றதும் பெட்டியிலிருந்து எடுத்தால் குளிர்ந்த உலோகம் முழுக்க வியர்க்கும், விசைப் பெட்டிக்குள்ளும். பயணப் பெட்டியைத் திறக்காமல் மூன்று நான்கு மணித்தியாலம் அறையில் வைத்து, ரைபிள் சூடேறிய பிறகு திறவுங்கள். திரும்பி வந்ததும் பஞ்சு மெத்தைப் பெட்டிக்குள் மூடி வைக்காமல், பூட்டிய அலுமாரியில் சிலிக்கா ஜெல்லுடன் நிறுத்துங்கள். மழைக் காலத்தில் ஜெல் பைகளை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிவரும்.